தார்ப்பாய் கட்டும்போது

உங்கள் நாற்காலி வசதியாக இருக்கிறது, ஐயா. லாரி ஷெட்டில் எனக்குக் கொடுத்திருப்பதற்கு ஒரு கால் ஆடும். அதில் உட்கார்ந்துதான் மேற்பார்வை பார்க்கிறேன். ஒரு நாளும் விழுந்ததில்லை. உடம்பில் புத்தி இருக்கிறவன் விழமாட்டான்.

எங்கள் ஆட்களுக்கு அது கிடையாது. லாரியில் மூட்டை அடுக்கி முடித்ததும் தார்ப்பாய்க்காரன் உச்சியில் ஏறுவான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மொத்த உடம்பையும் பின்னால் சாய்த்து இறுக்குவான். அந்த நேரம் வண்டி அசையக் கூடாது. மேலே ஆள் இருக்கிறானா என்று டிரைவருக்குத் தெரியாது. அதற்காகத்தான் நான். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். இரண்டு என்றால் நகரலாம்.

போன மாதம் ஒரு சுமைதூக்கி மேலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். ஏணி இல்லையாம், டயரில் கால் வைத்து ஏறினானாம். ஏணி இருந்தது. அதில் உட்கார்ந்து வெட்டிக்கதை பேசுகிறார்கள் என்று நான்தான் பூட்டிவைத்தேன். வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்ததாக எழுதி, அவன் மனைவியிடம் கையெழுத்து வாங்கினேன். எங்கே போடவேண்டும் என்று மட்டும் கேட்டாள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள், அவள் அண்ணனைத் தவிர. அவன்தான் எங்கள் தார்ப்பாய்க்காரன்.

திங்கட்கிழமை காலை, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னான்.

"நாளைக்கு லேபர் இன்ஸ்பெக்டர் வராராம் சார். ஏணிய யாரு பூட்டி வெச்சதுன்னு சொல்லப்போறேன்."

"சொல்லு. முதல்ல கட்டுற வேலையப் பாரு" என்றேன்.

கோபமெல்லாம் இல்லை, ஐயா. இவர்கள்மேல் கோபப்பட்டால் நமக்குத்தான் அசிங்கம். ஆனால் இறங்கி வந்து சொல்லியிருக்கலாம். என் தலைக்கு மேல் நின்றுகொண்டு சொன்னான்.

டிரைவரை விட்டுவிடுங்கள். சோறு தண்ணீர் இல்லாமல் அழுதுகொண்டிருக்கிறானாம். இரண்டு விசில் கேட்டால் நகரத்தான் அவனுக்குத் தெரியும்.

தார்ப்பாய்க்காரன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டான். மறுநாள் அவன் தங்கையிடம் இன்னொரு காகிதம் கொண்டுபோனேன். படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனைத் தாண்டி வந்து, அதை என் கண் முன்னாலேயே கிழித்தாள். நேரே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுத்தாள். அதனால்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

தவறுதலாக ஊதிவிட்டேனா என்று கேட்கிறீர்கள். அப்படி எழுதாதீர்கள். அவன் முழுக்கச் சாயும்வரை காத்திருந்துதான் இரண்டு தடவை ஊதினேன். பத்தொன்பது வருஷ வேலையில் ஒரு விசில்கூட நான் தவறாக ஊதியதில்லை.