இது எங்கள் சேரின் இல்லை

— வீடியோவை நிறுத்து நாரே. அங்கதான். இப்பப் பெருசாக்கிப் பாரு. வலது கண்ணுக்குக் கீழ என்ன இருக்கு?

— ஒண்ணும் இல்லயே மியோக் அக்கா.

— மச்சம் எங்க?

— இல்ல.

— எட்டு வருஷமா அந்த மச்சத்தைப் பாத்துட்டு இருக்கேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எந்த இடம்னு விரலை வெப்பேன். செத்துப்போன பொண்ணோட மூஞ்சிய எவ உடம்புலயோ கம்ப்யூட்டர்ல ஒட்டி, கடைசிப் பாட்டுன்னு வெளிய விடறான் இந்தக் கம்பெனிக்காரன். ஒரு மச்சம் வெக்கணும்னுகூடத் தோணல அவனுக்கு.

— மைக்கும் வலது கையில இருக்கு பாருங்க.

— நம்ம சேரின் என்னைக்காவது வலது கையில மைக் பிடிச்சிருக்காளா? மேடையில விழுந்து இடது கையில கட்டுப் போட்டிருந்தாளே, அப்பகூட அந்தக் கையிலதான் பிடிச்சா. எனக்குத் தெரியாதா?

— கொஞ்சம் தண்ணி குடிங்கக்கா. காலையிலிருந்து இந்த லாரி பக்கத்துலயே நின்னு கத்திட்டிருக்கீங்க. தொண்டை கட்டிடுச்சு.

— கட்டட்டும். இந்தக் கம்பெனிக் கட்டடத்துல ஒவ்வொரு ஜன்னலுக்கும் கேக்கணும். லாரித் திரையில எழுத்து ஒழுங்கா ஓடுதா பாரு.

— ஓடுது. "இது எங்கள் சேரின் இல்லை. போலி வீடியோவை எடு. பிணத்தை வைத்துப் பிழைக்காதே."

— அந்தக் கடைசி வரிய இன்னும் பெருசாப் போடச் சொல்லு.

— டிரைவர் சாப்பிடப் போயிருக்கார். வந்ததும் சொல்றேன். மூணாவது மாடியில ஒருத்தன் ஜன்னல் திரைய விலக்கி விலக்கி நம்மளையே பாத்துட்டிருக்கான்.

— நல்லாப் பாக்கட்டும். பிப்ரவரியில போனா நம்ம பொண்ணு. சாம்பல் சூடு ஆறறதுக்குள்ள வியாபாரம் ஆரம்பிச்சுட்டானுங்க. ஒரு வருஷமா அவளைக் கண்ணுலயே காட்டல. கேட்டா ஓய்வுல இருக்கான்னானுங்க. வயித்துல புத்துநோய்னு அவ செத்த அன்னைக்குத்தான் நமக்கே சொன்னானுங்க.

— இந்த செட்டைப் பாத்தீங்களாக்கா? இத்தனை ஆல்பம் வாங்கியிருக்கோம், ஒரு நல்ல செட் போடக் கூடாதா? பின்னாடி பூரா மீன் கூடை, ஐஸ் பெட்டி, ரப்பர் பூட்ஸ். சத்தியமா மீன் குடோன்ல போய் எடுத்திருக்காங்க.

— மீன் குடோன்ல.

— கடைசியில பேசறது இன்னும் கொடுமை. "சாப்பிட்டியளா? நான் சாப்பிட்டாச்சு. போயிட்டு வாரேன்." யார்க்கா எழுதிக் குடுத்தது இதை? சேரின் வாயைத் திறந்தா ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும். இது துறைமுகத்துல கூவி விக்கிறவங்க பேச்சு.

— போதும், நிறுத்து. கேக்கக் கேக்கப் பத்திட்டு வருது.

— அக்கா, உங்க போன். கம்பெனியிலிருந்து.

— நீயே படி.

— "ரசிகர் சங்கத் தலைவி மியோக் அவர்களுக்கு. உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது. திருத்திய வீடியோவின் மாதிரியை இத்துடன் அனுப்பியிருக்கிறோம். மச்சம், மைக் பிடிக்கும் கை, முகம், பேச்சு, பின்னணி எல்லாமே நீங்கள் கேட்டபடி. 'சம்மதம்' என்று நீங்கள் பதில் அனுப்பினால் இன்று மாலை இதை வெளியிட்டு, பழையதை அடியோடு நீக்கிவிடுவோம்." அக்கா, ஜெயிச்சுட்டோம்க்கா.

— இரு, இரு. மாதிரியப் போடு.

— போட்டுட்டேன்.

— ...அடிப்பாவி. இதோ வந்துட்டாளே. இதுதான் அவ. கன்னத்தைப் பாரு, மச்சத்தைப் பாரு. "உங்கள் அன்புக்கு நன்றி"ன்னு எவ்வளவு அழகாச் சொல்றா பாரு.

— ஆனா அக்கா, இதுவும் கம்ப்யூட்டர்ல பண்ணினதுதானே? நாம போலி வேண்டாம்னுதானே லாரி கொண்டு வந்தோம்?

— தெரியும்டி. எனக்குத் தெரியாதா? ஆனா மூஞ்சி அவளோடது. உலகம் அவளைக் கடைசியாப் பாக்கறது அந்த நோஞ்சான் மூஞ்சியா இருக்கக் கூடாது. குடு போனை, சம்மதம்னு அனுப்பிடறேன்.

— ஏம்மா, இங்கன மியோக்குங்கறது யாரு?

— நான்தான். எங்க மனுவுல கையெழுத்துப் போடணும்னா அந்தப் பொண்ணுகிட்டப் போங்க.

— கையெழுத்துப் போட வரல. மொக்போத் துறைமுகத்துலேருந்து பஸ் ஏறி வாரேன். அந்தா ஓடுத எழுத்தை மொதல்ல அமத்தச் சொல்லுங்க.

— யாருங்க நீங்க? கம்பெனி ஆளா?

— அவனுகளுக்கு ஆளா இருக்கதுக்கு நான் கடல்ல குதிப்பேன். இப்பத்தான் மேல போயி சண்டை போட்டுட்டு வாரேன். "கீழ சங்கத் தலைவி நிக்கா, அவ சரின்னா மாத்துவோம், வேண்டாம்னா விட்டுருவோம், அவகிட்டப் போய்ப் பேசு"ன்னு கைய விரிச்சிட்டானுவ. வளத்தவ பேச்சு அங்கன செல்லாதாம். உங்க பேச்சு செல்லுமாம்.

— யாரை வளத்தீங்க?

— சேரினை. நான் அவ அக்கா.

— சேரினுக்கு அக்காவே கிடையாது. ஒரே பொண்ணு. பொறந்தது, வளந்தது எல்லாம் இதே சியோல்ல. நாரே, இந்தம்மாவை அந்தப் பக்கமாக் கூட்டிட்டுப் போ. முந்தாநாள் ஒருத்தன் சேரின் புருஷன்னு சொல்லிட்டு வந்து நின்னான். இன்னைக்கு அக்கா.

— அந்தப் பிள்ள என் கையத் தொடட்டும் பாப்போம். பதினாலு வயசுல அவளை இந்தக் கட்டடத்துல கொண்டாந்து விட்டவ நான். ஊரை மாத்தினாவ. பேச்சை மாத்தினாவ. மீன் நாத்தம் அடிக்க அக்கா ஒருத்தி இருக்கான்னு தெரிஞ்சா மவுசு குறைஞ்சு போகும்னு என்னையும் இல்லாம ஆக்கினாவ. அவளுக்கு நல்லது நடக்கட்டும்னு வாயைப் பொத்திக்கிட்டுக் கிடந்தேன்.

— கதை நல்லா இருக்கு.

— அக்கா, ஒரு நிமிஷம். சத்தியமா ஒரே ஒரு நிமிஷம். இவங்க பேசறதைக் கேளுங்க. வீடியோ முடியறப்ப சேரின் பேசறாளே, அதே பேச்சு.

— வேற எப்படிளா இருக்கும்? ஒரே அடுக்களையில நின்னு பேசின பேச்சுல்லா அது.

— வீடியோவை நாலு தடவை பாத்தா யார் வேணா அப்படிப் பேசலாம்.

— அப்ப இந்தா, இதைப் பாருங்க. என் போனு. படம் எடுத்த அன்னைக்குள்ளது. கம்பெனிக்காரனுக்கு அனுப்பினதுல இல்லாதது.

— அக்கா... இதுல சேரின் இருமறா. பாடறா, நிறுத்தறா, கீழ உக்காந்துடறா. இங்க ஐஸ் பெட்டிக் கண்ணாடியில தெரியறாங்க பாருங்க, போனைப் பிடிச்சு எடுக்கறவங்க. இவங்கதான். இந்த அம்மாதான்.

— காட்டு.

— சேரின் என்னமோ சொல்றா. "நல்லாப் பிடி அக்கா, ஆட்டாத, நீ மீனைப் பிடிக்க மாதிரி பிடிக்கே"ன்னு சொல்றா. இவங்க சிரிக்கறாங்க.

— சிரிச்சேன். அன்னைக்கு எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

— அப்ப அந்தக் குடோன்...

— குடோன் இல்லளா. கடை. மீனை அரைச்சு உருட்டி ஓமுக் பொரிக்க எங்க கடை. ஆத்தா அப்பன் போன பொறவு அந்தச் சட்டிதான் ரெண்டு பேருக்கும் சோறு போட்டுது. அவ படுத்து உறங்கினது அந்த ஐஸ் பெட்டிக்குப் பின்னாலதான். "எனக்குன்னு ஒண்ணு எடுக்கணும்க்கா. என் கடையில, என் மூஞ்சியோட, என் பேச்சோட"ன்னா. எடுத்தேன். அவ சொல்லிட்டுப் போனதுக்காகத்தான் கம்பெனிக்காரனும் அப்படியே போட்டான். நீங்க லாரியக் கொண்டாந்து நிறுத்தினதும் அவனுக்குப் பயம் வந்துட்டு.

— அப்ப மச்சம்? அது எங்க போச்சு?

— காலையில வரைவாவ. ராத்திரி கழுவுவா.

— பொய்.

— குளிப்பாட்டினவ நான். அவ உடம்புல எங்கன என்ன இருக்குன்னு எனக்கே சொல்லித் தாரியளா? மச்சம் வரைஞ்சது வலது கன்னத்துல. அந்தக் கன்னம் தெரியணும், அதனால மைக்கு இடது கையில. வீட்டுக்கு வந்துட்டா வலது கையிலதான் கரண்டியப் பிடிப்பா.

— கட்டுப் போட்டிருந்தப்பகூட இடது கையிலதானே...

— ஆமா. பிடிக்க வச்சாவ. ராத்திரி போன் பண்ணி வலி தாங்கலன்னு அழுதா. அந்தப் படத்தைப் போட்டு நீங்கள்லாம் என்ன எழுதினிய? "வலியிலும் மாறாதவள்"னு எழுதினிய. அதை எனக்கு வாசிச்சுக் காட்டினா.

— எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒருத்தராவது சொன்னீங்களா? எங்களைப் பாத்தா எப்படி இருக்கு உங்களுக்கு? அவ பொறந்தநாள்னா ஊர் முழுக்க பஸ்ல அவ படம் ஒட்டினோம். கச்சேரிக்குக் கச்சேரி அவ பேர்ல அரிசி மூட்டை அடுக்கி அனாதை இல்லத்துக்குக் குடுத்தோம். அவ செத்தப்ப வேலைக்கு லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரி வாசல்ல பனியில நின்னோம். நீங்க உள்ள நின்னீங்க. நாங்க வெளிய நின்னோம்.

— தெரியும். ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். சூடா ஆளுக்கு ஒரு கிண்ணம் ஓமுக் சூப்பு குடுத்து விடுவோம்னு கிடந்து துடிச்சேன். "நீ யாருன்னு கேப்பாவ, வெளிய போகாத"ன்னுட்டான் கம்பெனிக்காரன். உங்க பாசம் பொய்னு நான் சொல்லல. ஆனா எனக்கு உங்க மேல கோவம் கோவமா வருது. அவ வாழ்நாள் பூரா வேஷம் போட்டா. சாகப் போற நேரத்துல ஒரே ஒரு தடவை அவளா நின்னா. அதைப் போய் போலிங்கிய. அழிக்கச் சொல்லுதிய.

— அக்கா, சம்மதம்னு அனுப்பிடாதீங்க. நான் டிரைவருக்குப் போன் பண்ணி எழுத்தை நிறுத்தச் சொல்றேன்.

— போனைக் கீழ வை நாரே. யாரைக் கேட்டு நிறுத்தறே? சங்கத்துல அத்தனை பேர்கிட்டயும் இது போலின்னு அடிச்சுச் சொல்லியிருக்கேன். மச்சத்துக்கு வட்டம் போட்டு, கைக்கு அம்புக்குறி போட்டு, ஆதாரம் ஆதாரமாக் குடுத்திருக்கேன். இப்பப் போய் "இதுதான் அவ, நமக்குத்தான் அடையாளம் தெரியல"ன்னு சொல்லச் சொல்றியா? என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுருவாங்க.

— கிழிக்கட்டும்க்கா.

— உனக்கென்ன. நேத்து வந்தவ.

— நேத்து வந்தவளுக்கே பாவமா இருக்கு. உங்களுக்கு இல்லயா?

— அந்த மூஞ்சியப் பாத்தியா நீ? கன்னம் ஒட்டி, கண்ணு உள்ள போயி, தலையில முடி கொட்டி. அதை நான் ஊருக்குக் காட்டிட்டு இருக்கணுமா? அவளை நான் எப்படி வெச்சிருக்கேன்னு தெரியுமா உனக்கு?

— எப்படி வச்சிருக்கிய? சுவத்துலயா?

— கிண்டல் பண்ணாதீங்க.

— கிண்டல் பண்ண வரலம்மா. கெஞ்சத்தான் வந்தேன். எனக்குக் கெஞ்சத் தெரியல, கத்த வருது. அந்தப் படம் போயிட்டுன்னா அவ இந்த உலகத்துல இருந்ததுக்கு ஒரு அடையாளமும் இல்ல. இருக்கது பூரா இவனுக வரைஞ்ச படம்.

— நான் நம்ப மாட்டேன். நீங்க என்ன காட்டினாலும் சரி. சேரின் எந்தக் கோலத்துல வந்தாலும் எனக்குத் தெரியும். மூஞ்சிய மூடியிருந்தாலும் தெரியும். முதுகைக் காட்டி நின்னாலும் தெரியும். கூடப் பொறந்தவ மாதிரி எனக்கு. அவ என் எதிர்ல வந்து நின்னா எனக்குத் தெரியாமப் போயிடுமா?

— இப்படித் திரும்புங்க. உங்க கண்ணுக்குக் கீழ இருக்கது மச்சமா, வரைஞ்சதா?

— ரெண்டும் இல்ல. பச்சை குத்தினது. அவளோட மச்சம், அதே இடம்.

— அப்ப நீங்கதானா அது.

— எது?

— போன வருஷம் அவ பொறந்தநாளுக்கு ஒரு காபிக் கடைய எடுத்து, சுவரு பூரா அவ படமா ஒட்டி, கப்புல அவ மூஞ்சிய அச்சடிச்சு எல்லாருக்கும் குடுத்தது நீங்கதான?

— ஆமா. நான் வருஷா வருஷம் பண்றதுதான். அதுக்கென்ன?

— அன்னைக்கு அவ ஆஸ்பத்திரியிலேருந்து யாருட்டயும் சொல்லாம எந்திச்சு வந்துட்டா. மூஞ்சியில ஒண்ணும் பூசல. தொப்பி போடல. உங்க வரிசையில நின்னு காபி வாங்கிருக்கா. வாங்கிட்டு, பெருசா இருந்த தன் படத்துக்கு முன்னாலயே போயி நின்னுருக்கா. ஒருத்தராவது "நீயா"ன்னு கேப்பாவன்னு அவளுக்கு ஆசை.

— யாருமே கேக்கலயா?

— கேக்கலளா. மறுநாள்தான் "கடையில வச்சு ஒரு பாட்டு எடுப்போம்க்கா"ன்னு என்னைக் கூப்பிட்டா. கண்ணுக்குக் கீழ பச்சை குத்தின ஒரு அக்கா மட்டும் தோளைத் தொட்டு, சிரிச்சுப் பேசினாவன்னு சொன்னா.

— நானா? நான்... நான் என்ன சொன்னேன்?

— "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, சேரினை மறைக்கறே"ன்னு சொன்னியளாம்.