கைப்பிடியில் மாட்டிய தொப்பி

பெயர், முகவரி தனித்தாளில் கொடுத்துள்ளேன். வயது முப்பத்தெட்டு. சோப்புத் தொழிற்சாலையில் கலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். வாய் ஓயாதவள் என்பதால் அங்கே என்னை ‘ரேடியோ’ என்பார்கள்.

கலவைத் தொட்டிக்குள் ஒட்டியிருப்பதைச் சுரண்ட முறைவைத்து ஒவ்வொருவராக இறங்குவோம். இறங்குகிறவர் தம் தொப்பியை, தொட்டிக்குள் தகடுகளைச் சுழற்றும் சுவிட்சின் கைப்பிடியில் மாட்ட வேண்டும். தொப்பி தொங்கும்வரை சுவிட்சை யாரும் தொடமாட்டார்கள். கண்ணாடிக்காரர் என்று நாங்கள் கூப்பிடும் தொழிலாளி, தொப்பி போதாது, பூட்டு வேண்டும் என்று மேலாளரிடம் புகார் சொன்னார். அதன் பிறகு மேலாளர் எங்கள் மேஸ்திரியை எல்லார் முன்னிலையிலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். பூட்டு மட்டும் வரவில்லை.

அதன் பிறகு கண்ணாடிக்காரரிடம் யாரும் பேசவில்லை. திட்டவுமில்லை. அவர் டீயோடு வந்து உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். தொப்பியை ஒளித்து வைப்பார்கள். அவர் வெறுந்தலையோடு தேடுவதைப் பார்த்துச் சிரிப்பார்கள். இவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. என் மகள் மயங்கி விழுந்தபோது அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் இதே மேஸ்திரிதான்.

சம்பவத்தன்று காலை கண்ணாடிக்காரர் தொப்பியை மாட்டிவிட்டு இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு மேஸ்திரி அந்தப் பக்கம் வந்து, தொப்பியை எடுத்துத் தன் பையில் செருகிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து சுவிட்ச் போடுகிறவர் வந்தார். தொப்பி இல்லை என்று கைப்பிடியை இழுத்தார். “ஐயோ நிறுத்துங்க, உள்ள ஆள் இருக்காரு!” என்று கத்தினேன். நிறுத்தினார். அதற்குள் கண்ணாடிக்காரருக்கு வலது கால் போய்விட்டது.

அதன் பிறகு மேஸ்திரி என்னைத் தனியே அழைத்தார். “அவன் தொப்பி மாட்டவே இல்லம்மா. எல்லாரும் அப்படித்தான் சொல்லப்போறோம். விளையாட்டா செஞ்சது, என் பொழப்பு போயிடும்.”

“நான் பாத்தேனே அண்ணே,” என்றேன். அதோடு அவர் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

தொட்டியைக் கழுவி மறுநாளே ஓட்டிவிட்டார்கள். நேற்று நான் போய் உட்கார்ந்ததும் பெஞ்சு காலியானது. ‘ரேடியோ’ என்று கூப்பிட ஆளில்லை. இன்று காலை ஆணியில் என் தொப்பியைக் காணவில்லை. தேடினேன். பின்னால் சிரித்தார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான், ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. கையெழுத்துப் போடும் முன் இதையும் சேர்க்கச் சொன்னேன்: நாளை தொட்டிக்குள் இறங்கும் முறை என்னுடையது.

(சாட்சியின் கையொப்பம்)