ஐநூறு கைகள்

இந்தக் காலத்தில் புத்தகத்தின் அட்டை கைப்பேசித் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரியும். இதைப் புரிந்துகொள்ளாத எழுத்தாளர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் உருப்பட மாட்டார். ஓய்வு பெற்றதும் நீங்கள் ஒரு புத்தகம் எழுதப் போவதாக வாசலில் நிற்கும் அந்தப் பெண் காவலர் சொன்னார், அதனால்தான் சொல்கிறேன் ஐயா. காவல்துறை அனுபவங்களுக்கு இப்போது நல்ல வரவேற்பு. அதில் நானும் வருவேன். வரட்டும். பெயரை மட்டும் பிழையில்லாமல் போடுங்கள், மொரெனிகே சொடெய்ண்டே.

சொந்தமாகப் புத்தகம் போடுகிறவர்களுக்கு வழிகாட்டுவது என் தொழில். லாகோஸில் இருபது வருடமாகச் செய்கிறேன். பெரிய பதிப்பகங்கள் பதில்கூடப் போடாமல் கைவிட்டவர்கள்தான் என்னிடம் வருவார்கள். யாபாவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சனிக்கிழமை காலை வகுப்பு. வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு அத்தியாயம் அனுப்பி வாசகரைப் பழக்குங்கள், பிழை திருத்த அடுத்தவரிடம் கொடுங்கள், சொந்த அக்காவின் பாராட்டை நம்பாதீர்கள் என்றெல்லாம் சொல்லிக் கொடுப்பேன். முக்கியமாக, அச்சடித்துக் குவிக்காதீர்கள், யாராவது கேட்கும்போது அடித்துக்கொடுத்தால் போதும் என்பேன்.

ஒயெகன்மி வாத்தியார் என்னிடம் வருவதற்கு முன்பே குவித்துவிட்டார். எழுபத்தொரு வயது, பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை. ஒரு நாவல் எழுதி, உள்பக்கங்களை மட்டும் ஷொமோலு பகுதியில் ஓர் அச்சகத்தில் ஐநூறு பிரதி அடித்து வைத்துக்கொண்டு, அட்டைக்காக என்னிடம் வந்தார். முதல் நாளே வகுப்பில் எல்லோர் முன்னாலும் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "ஒரே வருஷம் பாபா. உங்க ஐநூறு புத்தகமும் ஐநூறு கையில இருக்கும்" என்றேன். கை தட்டினார்கள்.

ஒன்பது மாதத்தில் பதினாலு பிரதி போனது.

மீதியெல்லாம் அவர் கட்டிலுக்கு அடியில் இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் யாராவது ஆரம்பிப்பார்கள். "பாபா, கட்டிலுக்கு அடியில எல்லாரும் சௌக்கியமா?"

"நானூத்தி எண்பத்தாறு பேரும் நல்லா குறட்டை விடுறாங்கப்பா" என்பார் அவர். "மேடம் ஒரு வருஷம்னு சொல்லியிருக்காங்க. இன்னும் மூணு மாசம் இருக்குல்ல, அதுக்குள்ள எழுப்பிடுவாங்க."

மண்டபமே சிரிக்கும். நானும் சிரிப்பேன். அவர் குத்திக் காட்டவில்லை ஐயா, நிஜமாகவே நம்பினார். இருபத்திரண்டு பேர் வந்த வகுப்புக்கு ஒன்பது பேர் வர ஆரம்பித்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. நான் கோபப்படுகிற ஆள் இல்லை என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்தச் சமயத்தில் ஒரு பெரிய மனிதரின் சாவுக்குப் போனேன். எண்பத்திரண்டு வயது, கல்யாணச் சாவு. பந்தல், பாட்டுக் குழு, மிளகாய் மணக்கும் ஜொலோஃப் சோறு, குடும்பம் முழுக்க ஒரே துணியில் சட்டை. வந்தவர்களுக்கு வழக்கம்போல நினைவுப் பரிசு கொடுத்தார்கள். பிளாஸ்டிக் வாளி, துண்டு, குடை என்று எத்தனையோ பார்த்திருக்கிறேன். அங்கே வாளிக்குள் அவருடைய சுயசரிதையையும் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று மணி நேரத்தில் அறுநூறு பிரதி. வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. இத்தனை வருடம் வாசகர்களைத் தேடி எங்கெங்கோ அலைந்திருக்கிறேனே என்று என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

வாத்தியாருக்கு எல்லாம் பொருந்தியது. எழுபதைத் தாண்டியவர். ஊர் முழுக்க மாணவர்கள். மூன்று பிள்ளைகள், மூவருக்கும் நல்ல வேலை. ஜெபக்கூட்டத்தில் மதிப்பான ஆள். உயிரோடு இருந்தார், அது ஒன்றுதான் குறை.

அவருக்குப் பிடித்த சோபோ, செம்பருத்தி இனப் பூவில் காய்ச்சுகிற பானம், ஒரு குடுவை நிறையக் கொண்டுபோனேன். அந்தச் சிவப்புக்குள் எதுவும் தெரியாது. என்ன கலந்தேன் என்பதை வாக்குமூலத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொண்டீர்கள். "இனிப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு மேடம்" என்றார். ஆனாலும் நான் சங்கடப்படக் கூடாது என்று இரண்டாவது தம்ளரும் வாங்கிக் குடித்தார். அடுத்த நாவலைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். ஒரு மீனவப் பெண்ணின் கதை. எழுத்தாளருக்கு அதைவிட நல்ல கடைசிப் பொழுது கிடைக்காது என்று நான் இப்போதும் நினைக்கிறேன். வயசு, இதயம் என்று சொல்லி மருத்துவர் கையெழுத்துப் போட்டார்.

'நினைவுப் பரிசு' என்ற எழுத்தும் அவர் படமும் போட்டுப் புத்தகத்தில் ஒட்டுகிற சீட்டுகளை அதற்கு முந்தின வாரமே அச்சகத்தில் சொல்லி வைத்திருந்தேன். கடைசி நேரத்தில் அச்சகத்தை நம்பினால் கவிழ்த்துவிடுவார்கள், உங்கள் புத்தகத்துக்கும் இதை நினைவில் வையுங்கள். அந்தத் தேதியை வைத்துத்தானே என்னைப் பிடித்தீர்கள். நல்ல வேலை, நான் குறை சொல்லவில்லை.

சீட்டுகளை எடுத்துக்கொண்டு மறுநாள் மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். பந்தல் இல்லை. அடுப்பு இல்லை. காலையிலேயே சத்தமில்லாமல் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். மூத்த மகள் ரோன்கே வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"எழுபத்தொரு வயசு மனுஷருக்கு இப்படியா ரோன்கே? ஊரைக் கூட்டிச் சோறு போட வேண்டாமா?" என்றேன்.

"எப்படி ஆன்ட்டி போடுறது? பெத்தவ உசுரோட இருக்கும்போது பிள்ளை சாவுக்கு யாராவது பந்தல் போடுவாங்களா? பாட்டிக்குக் குழியைக்கூடக் காட்டல நாங்க."

"எந்தப் பாட்டி? ஏழு வயசுல தாயை இழந்தவர்னு பின்னட்டையில போட்டிருக்கே."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "நீங்கதானே ஆன்ட்டி, பின்னட்டையில முதல் வரியிலேயே ஒரு காயம் இருக்கணும்னு வகுப்புல சொன்னீங்க. எனக்கு எந்தக் காயமும் இல்லையேன்னு அப்பா ரெண்டு நாள் சோறு இறங்காம கிடந்தாரு. அப்புறம் ஊருக்குப் போய்ப் பாட்டிகிட்டயே அனுமதி கேட்டாரு. 'காகிதத்துலதானே சாகடிக்கிற, புஸ்தகம் போகும்னா சாகடிச்சுக்கோடா'ன்னு சொல்லிடுச்சு."

என் அறிவுரைகளை வரிக்கு வரி கேட்டு நடந்த ஒரே மாணவர் அவர்தான். அந்த வரியைப் படித்துவிட்டு வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் அவரைப் பாராட்டினேன், கண்கூடக் கலங்கினேன். அவர் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். அதை நான் துக்கம் என்று எடுத்துக்கொண்டேன். இவ்வளவு செய்தும் நானூற்றி எண்பத்தாறும் அதே கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வருடம் முடிய ஏழு வாரம் இருந்தது.

பாட்டி இருந்த ஊர் இசெயின், பேருந்தில் அரை நாள் பயணம். அந்த அம்மாவுக்குத் தொண்ணூற்று மூன்று வயது, கண் பார்வை கிட்டத்தட்ட இல்லை. பார்த்துக்கொள்கிற பெண் மத்தியானச் சந்தைக்குப் போயிருந்தாள். தலையணை போதுமானதாக இருந்தது. முகத்தில் ஒரு கலவரமும் இல்லை, நானே வாயைத் துடைத்து, தலைத்துணியைச் சரியாகக் கட்டி வைத்துவிட்டு வந்தேன். தொண்ணூற்று மூன்று வயதில் ஏன் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

அந்தச் சாவைப் பார்த்திருக்க வேண்டும் ஐயா. மூன்று நாள். இரண்டு மாடு. மகன் சாவில் அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்துக் குடும்பம் ஆடித் தீர்த்தது. அம்மாவின் படம் போட்ட கிண்ணத்துக்குள் மகனின் புத்தகத்தையும் வைத்துக் கொடுக்கலாம் என்று ரோன்கேயிடம் நான்தான் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எங்கப்பாவை நினைச்சுப் பார்க்க உங்களைத் தவிர யாரு இருக்கா ஆன்ட்டி" என்றாள். ஒரு மத்தியானத்துக்குள் நானூற்றி எண்பத்தாறும் போய்விட்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் சொன்னேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். அதற்கடுத்த வாரம் இருபத்தாறு பேர் வந்தார்கள். ஒரு எழுத்தாளரின் கனவுக்காக இவ்வளவு தூரம் போகிற ஆள் இந்த நாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? நான் இரண்டு பேரைக் கொன்றேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் புத்தகத்தின் மேல் எனக்கிருந்த பற்றால் செய்தேன் என்பதையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா ஏதாவது பேசினாரா என்று கேட்டீர்கள். பேசினார். என் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "என் பிள்ளை புஸ்தகத்துக்கு அட்டை போட்டது நீதானா? எனக்கு எழுத்து தெரியாது. கொஞ்சம் படிச்சுக் காட்டு தாயி" என்றார். சந்தைக்குப் போனவள் திரும்ப நேரம் இருந்தது. படித்தேன். வெள்ளம் வந்த ஆற்றங்கரையில் ஒரு பையன், கையில் கட்டு அவிழ்ந்த ஓர் ஆட்டுக்குட்டி, அக்கரையில் அவன் வீடு. அத்தியாயம் அங்கே நிற்கிறது. அந்த அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அப்புறம்? ஆத்தைத் தாண்டினானா?"

இருபது வருடத்தில் நான் கொண்டுவந்த எந்தப் புத்தகத்தைப் பற்றியும் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "தாண்டிட்டான் அம்மா, பத்திரமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டான்" என்றேன். அவர் நிம்மதியாகப் படுத்துக்கொண்டார். பிறகுதான் தலையணையை எடுத்தேன்.

நிஜமாகவே தாண்டினானா என்று எனக்குத் தெரியாது ஐயா. அதற்கு மேல் நான் படித்ததில்லை. அத்தனை பேரின் புத்தகங்களை வைத்துக்கொண்டு எனக்கு எங்கே நேரம்? ஐநூறு பேர் கையில் இருக்கிறது, யாரையாவது கேட்டுப் பாருங்கள்.