பாடியவரை மட்டும் விடவில்லை

மதுரையிலிருந்து பரவைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் மடியில் ஒரு பறை இருந்தது.

"கோஷம் போட்டவங்க எல்லாரையும் நேத்து சாயந்தரமே மண்டபத்துல இருந்து விட்டுட்டாங்க. பாடுன இவர மட்டும் விடல."

"பறையக் குடுத்துட்டாங்கள்ல மதினி, அண்ணனையும் விட்டுருவாங்க."

"மனுசன எப்பத் தருவீங்கன்னு கேட்டேன். பறையத் தூக்கிட்டுக் கெளம்புன்னாங்க."

சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு நேற்று நடந்த அந்தப் போராட்டத்தில், அவர் பாடப் பாட நானும் கைதட்டினேன். போலீஸ் வேன் வந்ததும் நழுவிவிட்டேன். அதை அவர்களிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

"பாப்பா என்ன செய்யிறா மதினி?"

"அந்தப் பாட்டத்தான் பாடிக்கிட்டுக் கெடக்கா. வாசல்ல நின்னு பாடாதன்னு அதட்டிட்டு வந்தேன்."

"அண்ணனுக்குத் தெரிஞ்சா சண்டைக்கு வருவாரு."

"வரட்டும். மொதல்ல வரட்டும்."