பெயர் மாறிய நூலகமும் பச்சை மாறாத பலகையும்

அடக்கத்தை அணியாகப் பூண்டு, அதிகம் பேசாமலே அவையை ஆளும் தலைவர், பெருமதிப்புக்குரிய உலகநாதன் ஐயா அவர்களே. எனக்கு முன்னே பேசி எனக்குக் கொஞ்ச நேரத்தையும் நிறைய அச்சத்தையும் மிச்சம் வைத்துச் சென்ற சான்றோர்களே. கல்பாக்கத்திலிருந்து பேருந்திலும், நாவலூரிலிருந்து நெரிசலிலும், அச்சரப்பாக்கத்திலிருந்து அன்பிலும் வந்து சேர்ந்திருக்கும் கட்டற்ற மென்பொருள் தோழர்களே. பெற்ற பிள்ளை அந்தக் கணினியின் முன்னால் அப்படி என்னதான் செய்கிறது என்று இன்றைக்காவது தெரிந்துகொள்ளலாம் என்று வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் கல்யாணியின் கைகூப்பிய வணக்கம்.

'அளவை' என்கிற ஜாவா நூலகம் மாட்யூல் முறைக்கு மாறிய வெற்றி விழா என்று வெளியே பதாகை கட்டியிருக்கிறீர்கள். அந்த நூலகத்துக்குக் கையேடு எழுதுகிறவள் என்பதால் அதைப் பாராட்டிப் பேச என்னை அழைத்தீர்கள். பாராட்டுவதற்கு வார்த்தை இருக்கிறது. வருத்தம்தான் அந்த வார்த்தையை வாய்க்கு வரவிடாமல் வழிமறிக்கிறது.

முன்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார்கள், நூலகம் என்றால் புத்தகம் இரவல் தரும் இடம்தானே என்று. கிட்டத்தட்ட அதேதான் அம்மா. ஒருவர் எழுதிய நிரலை ஊரார் எல்லோரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தினால் அதற்கும் நூலகம் என்றே பெயர். அணையில் நீர்மட்டம் அளக்கும் கருவி, ஆலையில் வெப்பம் அளக்கும் கருவி, ஆழ்கடலில் மிதந்தபடி அலையின் உயரம் அளக்கும் கருவி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பாஷை பேசும். அத்தனை பாஷையையும் படித்துச் சொல்வதுதான் 'அளவை'. அதைத் தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் சுஜாதா, கல்பாக்கம் குடியிருப்பில் என் அடுத்த வீட்டுப் பெண். இன்னொருவர் அச்சரப்பாக்கத்து ஜெபகுமார். நாவலூரில் ஒரே அலுவலகத்தில், அடுத்தடுத்த நாற்காலியில் அமர்ந்து, மதிய உணவு இடைவேளையில் எழுத ஆரம்பித்தார்கள். இன்று எந்தெந்த நாட்டில் யார் யார் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதியவர்களுக்கே தெரியாது. எழுதியவர்களுக்கே தெரியாது. இந்த ஒரு வாக்கியத்தைத்தான் இரண்டு முறை சொல்ல வந்தேன்.

மாட்யூல் என்றால் என்ன? எளிமையாகச் சொல்கிறேன். ஒரு தெருவில் இரண்டு வீடு. இரண்டுக்கும் ஒரே கதவு எண். ஜாவா என்கிற கணினி மொழியின் பழைய முறை, பழைய தபால்காரர் மாதிரி. முதலில் எது கண்ணில் படுகிறதோ அந்த வீட்டில் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். புதிய மாட்யூல் முறையோ கறாரான முறை. எந்தப் பகுதி எதை வெளியே தருகிறது, எதை உள்ளே வைத்துக்கொள்கிறது, எதை நம்பி நிற்கிறது என்று முதலிலேயே அறிவிக்கச் சொல்லும். ஒரே பெயரில் இரண்டு நிரல் தொகுப்பு இருந்தால், ஓடவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும்.

'அளவை'யில் அப்படி ஒரு பெயர் இரட்டையாக இருந்தது. ஆதிநாளில் அவசரத்தில் வைத்தது. ஒன்றை மாற்றியே தீர வேண்டும். மாற்றினால், பழைய பெயரைச் சொல்லி அழைக்கும் நிரல்கள் எல்லாம் பதில் வராமல் நின்றுபோகும். என்ன செய்வது?

எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் அந்தப் பேச்சு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை. நான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜெபகுமார் சொன்னார்: "பழைய பேர்ல சின்னதா ஒரு பாலம் மாதிரி தனியா வெச்சிடலாம் சுஜாதா. பழைய பேரைக் கூப்பிட்டா புதுசுக்கு அனுப்பிடும். ரெண்டு வருஷம் இருக்கட்டும். அப்புறம் எடுத்துக்கலாம்."

சுஜாதா சொன்னாள்: "அதை யார் பார்த்துக்கிறது? ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அதையும் சேர்த்து டெஸ்ட் பண்ணணும். ஏற்கெனவே வீட்ல என் முகத்தைப் பார்க்கிறதே அபூர்வம்னு சொல்றாங்க. நான் நெட்ல தேடிப் பார்த்துட்டேன், ஜெபா. அந்தப் பேரை இப்ப யாருமே யூஸ் பண்ணல."

"நம்ம கண்ணுக்குப் படாம யாராவது இருப்பாங்க."

"யாருன்னு பேர் சொல்லு. வெச்சிடறேன்."

ஜெபகுமார் காபியைக் குடித்து முடித்தார். பேச்சும் முடிந்தது.

சுஜாதா கல்நெஞ்சக்காரியா? இல்லை. சோம்பேறியா? இல்லவே இல்லை. சம்பளம் தராத வேலையைச் சலிக்காமல் செய்தவள். ஊர் உறவு, கோயில் குளம், கல்யாணம் காட்சி அத்தனையையும் விட்டுக்கொடுத்து, உலகுக்கு உழைத்தவள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. நியாயமான கேள்வியால்கூட ஒரு மனிதனின் கால் போகும் என்று அன்றைக்கு எங்களில் யாருக்குத் தெரியும்?

மாற்றம் முடிந்தது. மகத்தான வேலை, மறுக்கவில்லை. தூசு படிந்த மூலைகளெல்லாம் துலக்கமாயின. பூட்ட வேண்டியது பூட்டப்பட்டது, திறக்க வேண்டியது திறக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வாழ்த்து வந்தது. இதோ கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள், அந்த உழைப்புக்கு அது தகும். தட்டி முடித்தபின் மீதியைக் கேளுங்கள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் ஒரு குப்பம். அங்கே பிறந்து, படித்து, நாவலூரில் மென்பொருள் சோதிக்கும் வேலைக்கு வந்தவர் துரை. சுஜாதாவின் அலுவலகமும் அவருடைய அலுவலகமும் ஒரே சாலையில். ஒரே கடையில் இருவரும் டீ குடித்திருக்கலாம். ஒருவரை ஒருவர் அறியார்.

காற்று இருந்தால் கடல் பொங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். காற்றே இல்லாமல், வானம் வெளுத்துக் கிடக்கையில், எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலை மட்டும் வந்து கரையில் எகிறும் நாளும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். மிதவைக் கருவிகள் அனுப்பும் கணக்கு இணையத்தில் வருகிறது. அதைப் படித்து, மீன் ஏலக் கூடத்தின் நெற்றியில் விளக்குப் பலகையாக மாட்டினார் துரை. பச்சை என்றால் போகலாம். மஞ்சள் என்றால் யோசிக்கலாம். சிவப்பு என்றால் வலையை மடித்து வைக்கலாம். கருவியின் பாஷையைப் படிக்க அவர் எடுத்துக்கொண்டது எதை? நம்முடைய 'அளவை'யை. அதில் எந்தப் பெயரை? அந்தப் பழைய பெயரை.

அந்த நிரலை அவர் எங்கும் வெளியிடவில்லை. தன் ஊருக்காகச் செய்த வேலையை யாருக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தார். அதனால்தான் சுஜாதா தேடியபோது அது அகப்படவில்லை.

பின்வரிசையில் ஒரு தம்பி சரியான கேள்வி கேட்கிறார், பிழை வந்தால் பலகை அணைந்திருக்க வேண்டாமா என்று. வேண்டும்தான் தம்பி. ஆனால் அந்தக் கரையில் இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். அறுந்தபோதெல்லாம் பலகை அணைந்ததால், இது வேலைக்காகாது என்று ஊரார் சிரித்தார்கள். ஆகவே கணக்கு வராவிட்டால் கடைசியாகக் காட்டிய நிறத்தையே காட்டு என்று எழுதி வைத்தார் துரை. நாமாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்போம்.

நூலகத்தின் புதிய வெளியீடு வந்தால் தானாகவே எடுத்துக்கொள்ளும்படியும் அமைத்திருந்தார். அதுவும் நாம் சொல்லிக்கொடுத்த நல்ல பழக்கம்தான். புதிய 'அளவை' போய்ச் சேர்ந்தது. பழைய பெயரை நிரல் அழைத்தது. பதில் இல்லை. பலகை பச்சையிலேயே நின்றது. கடலும் சில நாள் அமைதியாகவே இருந்ததால் யாருக்கும் ஐயம் வரவில்லை.

எல்லப்பன் என்று ஒருவர். துரைக்கு மாமன் முறை. ஒரு விடியலில் பலகையைப் பார்த்தார், பச்சை. ஃபைபர் படகைத் தள்ளினார், போனார், மீனும் கிடைத்தது. திரும்பி வரும்போதுதான் கரைக்குப் பக்கத்தில் அலை எகிறியது. கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்களே, அந்தக் கற்களின் மேல் படகைத் தூக்கி அடித்தது. படகுக்கும் கல்லுக்கும் நடுவே அகப்பட்டது எல்லப்பனின் வலது கால். உயிரை மீட்டார்கள். முழங்காலுக்குக் கீழே மீட்க முடியவில்லை.

அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வந்து துரை கணினியைத் திறந்து பார்த்தார். பழைய பெயர் கிடைக்கவில்லை என்ற அதே வரி, திரும்பத் திரும்ப, திரை முழுக்க. 'அளவை'யின் இணையப் பக்கத்தில் அவர் எழுதியது இவ்வளவுதான்: "அந்தப் பெயரை ஏன் எடுத்தீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா? எங்கள் ஊர் அலைப் பலகை அதை நம்பித்தான் ஓடியது. ஒருவருக்குக் கால் போய்விட்டது."

ஏச்சு இல்லை, பேச்சு இல்லை. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் படித்த சுஜாதா, மூடி வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். "கல்யாணிக்கா, என்கூட ஒரு இடத்துக்கு வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

போனோம். எல்லப்பன் மருத்துவமனையிலிருந்து வந்து, வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். சுஜாதா தரையில் உட்கார்ந்தாள். அழுதால் அவருக்குத் தொந்தரவு என்று அழாமல், நடந்ததை நடந்தபடி சொன்னாள். மாட்யூல், தொகுப்பு என்றெல்லாம் சொல்லவில்லை. "ஒரு பேரை மாத்தினேன் அண்ணா. யாரும் இல்லைன்னு நினைச்சு மாத்தினேன்" என்றாள்.

அவர் கடல் பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு சொன்னார்:

"எங்கப்பன் காலத்துல போர்டா இருந்துச்சு? பாத்துதான போனோம். இப்ப போர்டு வந்தப்புறம் நாங்க கடல பாக்கறத வுட்டுட்டோம். அது எங்க தப்பு. ஆனா ஒண்ணுமா. அது தப்பா காட்டியிருந்தாகூட பரவால்ல. எனக்குத் தெரிலன்னு சொல்லியிருக்கலாம். தெரியாதத தெரிஞ்ச மாதிரி காட்டிகினு நின்னுச்சு பாரு, அதான் பேஜாரு."

அவையோரே, எத்தனை மாநாட்டில் எத்தனை மேதைகள் பேசிக் கேட்டிருக்கிறோம். என் நெஞ்சைச் சுட்டது இந்தக் கட்டில் பேச்சு.

அதன்பின் என்ன ஆயிற்று? முதலில் மறுத்த அந்தப் பாலத்தைச் சுஜாதா தானே எழுதினாள். அதை எடுத்துக்கொண்டு துரையிடம் போனாள். "வேணாங்க மேடம்" என்றார் துரை. "உங்க மேல கோவம் இல்ல. கடைசி நிறத்தையே காட்டுன்னு எழுதினது நான்தான். இனிமே ஊருக்குப் பச்சை காட்ற தைரியம் எனக்கு இல்ல." பலகையைக் கழற்றிவிட்டார். அதை மாட்டியிருந்த இரும்புச் சட்டம் மட்டும் ஏலக் கூடத்தில் துருப்பிடித்து நிற்கிறது. எல்லப்பனின் படகு விற்றுப்போயிற்று. சுஜாதா 'அளவை'யை ஜெபகுமாரிடம் ஒப்படைத்துவிட்டாள். இன்றைக்கும் அழைத்தேன், வரவில்லை.

"நீங்க சொன்னதுதானே சரியாப் போச்சு" என்று ஜெபகுமாரிடம் ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறியது. "அப்படிச் சொல்லாதீங்கக்கா. அவ பேர் கேட்டப்ப நான் தேடிப் போயிருக்கணும். வாக்குவாதத்துல தோத்துட்டேன்னு வீட்டுக்குப் போயிட்டேன்" என்றார்.

பாருங்கள் இந்தப் பரிதாபத்தை. சுஜாதா தன்மேல் பழியைப் போட்டுக்கொள்கிறாள். துரை தன்மேல் போட்டுக்கொள்கிறார். ஜெபகுமார் தன்மேல் போட்டுக்கொள்கிறார். நல்லவர்கள் மூவர், நல்லதையே நினைத்தார்கள், நல்லதையே செய்தார்கள். நடுவில் நசுங்கியது நான்காவது மனிதரின் கால். யாரைக் குற்றம் சொல்வது? குற்றம் சொல்லி எந்தக் காலை முளைக்க வைப்பது?

ஆகையால் அன்பர்களே, மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாறாத மென்பொருள் மக்கிப்போகும். மாற்றுங்கள். ஆனால் யாரும் இல்லை என்று உங்கள் தேடல் சொன்னால், என் கண்ணுக்கு யாரும் படவில்லை என்று மட்டும் அதைப் படியுங்கள். ஒரு பெயரை நீக்குவதற்கு முன் உரக்கச் சொல்லுங்கள், ஊரெல்லாம் சொல்லுங்கள், ஒரு பருவம் காத்திருந்து மறுபடியும் சொல்லுங்கள். உங்கள் நிரலுக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று காட்டட்டும். விடை தெரியாமல் விழிப்பது வெட்கமில்லை. தெரியாமலே பச்சை காட்டுவதுதான், தோழர்களே, தீராத் துயரம்.

இந்தக் கதையை மேடையில் சொல்லலாமா என்று கேட்க, போன வாரம் எல்லப்பனைப் பார்க்கப் போனேன். ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு வலை பின்னிக்கொண்டிருந்தார். "தாராளமா சொல்லுமா, எம்பேரையும் சொல்லு" என்றார். கிளம்பும்போது கூப்பிட்டார்.

"அந்த மீட்டிங்குக்கு நம்ம தொர வருவானா?"

"தெரியலீங்க அண்ணா."

"அன்னிலேருந்து அவன் என் வூட்டு வழியா வர்றதே இல்லமா. அந்தாண்ட தெருவுல சுத்திகினு போறான். வந்தான்னா சொல்லு. நான் இன்னா ஏதுன்னு ஒண்ணும் கேக்க மாட்டேன். சும்மா வந்து குந்திட்டுப் போவச் சொல்லு."

துரை, நீ இந்த மண்டபத்தில் எங்காவது அமர்ந்திருக்கிறாயா, எனக்குத் தெரியாது. உன் முகத்தை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். இருந்தால் கேட்டுக்கொள் அப்பா. உன் மாமா உன்னைக் கூப்பிடுகிறார்.

கைதட்டல் வேண்டாம். பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கும், பேச இடம் தந்த தலைவர் ஐயாவுக்கும் என் நன்றி. எல்லோரும் நலமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.