ஓட்ஸை வடித்த கஞ்சி

பசுவந்தனைப் பேருந்து கோவில்பட்டியை விட்டுப் புறப்பட்டபோது காலை பதினொன்று பத்து. என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் கணவருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தது.

"ரெண்டு மாசமா ஓட்ஸ்தான் குடுக்கேன். சுகர் எறங்கலயேக்கா. திங்கக்கிழமையில இருந்து ஊசி போடணும்ங்காரு டாக்டரு."

"அவல் மாதிரி இருக்குமே, அதா? அஞ்சு நிமிசத்துல வெந்துருமே."

"இல்லக்கா, தம்பி மஸ்கட்ல இருந்து கொண்டாந்தது. கோதுமைக் குருணை மாதிரி இருக்கும். வேக அரை மணி நேரம் ஆவும். வெந்ததும் வடிச்சிருவேன்."

மூத்தவள் திரும்பி அவளைப் பார்த்தாள்.

"என்னத்த வடிச்ச?"

"கஞ்சியத்தான். சோறு வடிக்கமாதிரி. கொழகொழன்னு வருதுல்லா."

"ஏட்டி, அந்தக் கொழகொழப்புதான சுகருக்கு மருந்து. எந்த ஓட்ஸா இருந்தாலும் அளவாத் தண்ணி வச்சு வத்த விடணும். கஞ்சிய எங்கன ஊத்துன?"

"மாட்டுக்கு."

"ரெண்டு மாசமுமா?"

"ஒரு நாளும் தப்பல."

இளையவள் மடியிலிருந்த சீட்டை மடித்தாள். பிறகு சொன்னாள்:

"டாக்டர்கிட்ட சொல்லிருவேன். வீட்ல அவியகிட்ட எப்படிக்கா சொல்ல? நல்லா இல்லன்னு ஒரு நாள் சொன்னதில்ல. சத்து, சத்துன்னு அந்தச் சக்கைய வழிச்சுத் திங்காவ."