இமையைப் புரட்டிப் பாருங்கள்

இந்தப் பேரவைக்குத் தலைமை தாங்கும், பள்ளிகளுக்குக் கஞ்சி வழங்கும் ஊட்டக்குழுவின் தலைவர் டாக்டர் பலாசியோஸ் அவர்களே! மாதா கோயில் மணி ஓயுமுன் வந்து முன்வரிசையைப் பிடித்துவிட்ட பெரியோர்களே! பள்ளத்தாக்கு வெயிலில் அவரைக்காய் விளைவிக்கும் என் கறுப்பினத் தாய்மார்களே! மலைக்குளிரில் கிழங்கு தோண்டும் கிச்சுவாப் பழங்குடித் தாய்மார்களே! வெறும் வயிற்றோடு வந்திருக்கும் செல்வங்களே! சந்தையில் அவரைக்காய் விற்கும் எவ்ஃபேமியாவின் வணக்கம்.

எனக்கும் நாற்காலி போட்டிருக்கிறார்கள். உட்கார முடியவில்லை ஐயா, இருப்புக் கொள்ளவில்லை! ஏன்? பள்ளி ஓட்டப் பந்தயத்தில் எல்லோரையும் முந்தி வந்த என் மகள் தலிலா, கோட்டைத் தொடுமுன் சுருண்டு விழுந்தாள். அள்ளித் தூக்கினேன். "கண்ணு இருட்டுதும்மா" என்றாள். காலையில் அவள் குடித்தது வெறும் வெல்லத் தண்ணீர்.

காலைக் கஞ்சி கேட்டு ஊட்டக்குழு வாசலுக்கு நடையாய் நடந்தோமே, கிடைத்த பதில் என்ன? "உங்க பிள்ளைங்களுக்கு எதுக்கும்மா கஞ்சி? உங்க இனத்துக்கே கல்லு மாதிரி உடம்பாச்சே! மெடல் பூரா நீங்கதான அள்ளிட்டுப் போறீங்க?" சரி, மலைப் பிள்ளைகளாவது குடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன்.

பிறகொரு நாள் சந்தைப் பேருந்தில், கிழங்கு மூட்டையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் மனுவேலா. அதோ, சிவப்புச் சால்வை! எழுந்திரு மனுவேலா, என்ன வெட்கம்? "உங்க ஊர்க் கஞ்சி ருசியா இருக்காடி?" என்று குத்தலாகத்தான் கேட்டேன்.

"எங்க ஊர்லயா? நல்லாக் கேட்டீங்க போங்க! உங்க ஊருக்குத்தான் போகுதுன்னு நான் வயிறெரிஞ்சுக்கிட்டு இருக்கேன்!"

"எங்களுக்கு ஏதுடி? நாங்க பொறவியிலயே பலசாலியாம்."

"அட! நாங்க பொறவியிலயே குள்ளமாம்க்கா. குடம் குடமா ஊத்தினாலும் வளர மாட்டோமாம்!"

சிரித்தோம். ஓட்டுநர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

வளர்ந்தவளுக்கும் கஞ்சி இல்லை! வளராதவளுக்கும் கஞ்சி இல்லை! ஓடினாலும் இல்லை, ஒடுங்கினாலும் இல்லை! அப்படியானால் யாருக்குத்தான் அந்தக் கஞ்சி?

என்ன அங்கே? ஆமாம், நகரத்துப் பள்ளிக்குத்தான்! கூச்சல் வேண்டாம். அந்த வெள்ளைத்தோல் பிள்ளைகளும் பிள்ளைகள்தாம், நன்றாகக் குடிக்கட்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. பசிக்குக்கூடவா இனம் பார்ப்பீர்கள்?

தலிலா, மேடைக்கு வா. மனுவேலாவின் மகள் சிசா, நீயும் வா கண்ணு. பயப்படாதே, டாக்டர் கடிக்க மாட்டார்.

டாக்டர் ஐயா, இவள் கறுப்பு, இவள் மாநிறம். இவள் நெட்டை, இவள் குட்டை. இத்தனை நாள் தோலைப் பார்த்தீர்கள், உயரத்தைப் பார்த்தீர்கள். இன்று எழுந்து வந்து, இருவரின் கீழிமையையும் உங்கள் விரலால் புரட்டிப் பாருங்கள்!

எழுந்துவிட்டார். கைதட்டாதீர்கள், அவர் பார்க்கட்டும்.

பார்த்தீர்களா ஐயா? இரண்டிலும் ரத்தமில்லாத ஒரே வெளுப்பு! இதில் எந்த இமை கறுப்பினம்? எந்த இமை கிச்சுவா? தலை குனிந்தால் போதாது. இந்தாருங்கள் ஒலிபெருக்கி. திங்கட்கிழமை இரண்டு பள்ளியிலும் அடுப்பு எரியுமா, எரியாதா? இவர்களைப் பெற்றவர்கள் காதுபடச் சொல்லுங்கள்.

நன்றியை அடுப்பு எரிந்த பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு எல்லோருக்கும் வணக்கம் மட்டும்.